சாவான பாவம்

பாவத்தில் இரண்டு வகை உண்டு என்று எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் ஊர் உபதேசியார். அற்பப் பாவம், சாவான பாவம். முன்னது ஆத்துமத்தில் அழுக்கு மாதிரி. பின்னது ஆத்துமத்தைக் கொன்றேவிடும். கையிலிருந்த பிரம்பால் மேஜையில் தட்டித் தட்டிச் சொல்வார். அற்பப் பாவத்துக்கு ஒரு தட்டு, சாவான பாவத்துக்கு மூன்று. புதுநன்மை வாங்குவதற்கு முந்திய மாதங்கள் அவை. நான் செய்திருந்த ஒரு காரியம் சாவான பாவம்தான் என்று யாரும் சொல்லாமலே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். (காரியம் என்ன என்பது முக்கியமில்லை. ஒன்பது வயதுப் பையன் செய்யக்கூடியதுதான்.) அன்று இரவே செத்துப்போவேன் என்று நம்பிப் படுத்தேன். காலையில் விழித்துக்கொண்டேன். பழையது சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். பயம் போய்விட்டது, அதோடு வேறு ஏதோ ஒன்றும் போயிற்று என்று இப்போது படுகிறது. சொன்னபடி சாவு வரவில்லை என்கிற கண்டுபிடிப்பு ஒரு குழந்தைக்கு லேசான விஷயமில்லை.

ஆதாமும் இதே கண்டுபிடிப்பைச் செய்திருக்க வேண்டும். கனியைத் தின்கிற நாளிலேயே சாவு என்று அவனுக்கு எச்சரிக்கை இருந்தது. தின்றான், சாகவில்லை. பிள்ளைகள் பெற்று, மொத்தம் 930 வருஷம் வாழ்ந்தான் என்று அதே ஆதியாகமம் கணக்குச் சொல்கிறது. இந்த முரண் பழைய உரைகாரர்களுக்கும் உறுத்தியிருக்கிறது. கடவுளுக்கு ஆயிரம் வருஷம் ஒரு நாள்; ஆயிரத்துக்கு எழுபது குறையும்போதே ஆதாம் இறந்துவிட்டான்; ஆகையால் அந்த ‘நாளு’க்குள்ளேயேதான் இறந்தான் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அழகான கணக்கு. வக்கீல்களுக்குப் பிடிக்கும். ஆனால் கதை அந்த நாளில் என்ன நடந்ததாகச் சொல்கிறது என்று பார்த்தால் கணக்கே தேவையில்லை. அவன் மரங்களுக்கிடையில் ஒளிந்துகொண்டான். கூப்பிட்டுக் கேட்டபோது இன்னொருத்தியைக் கைகாட்டினான். அதுவரை தன் எலும்பும் சதையுமாகக் கண்டவளைக் கைகாட்டினான். சாவு அன்றே வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்த 900 சொச்சம் வருஷங்கள் அந்தச் சாவுக்குள் நடந்தவை.

கிறிஸ்துவம் பாவத்தைப் பற்றிச் சொல்வதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பாவத்துக்குத் தண்டனையாகச் சாவு பின்னால் வருவதாக நாம் புரிந்துகொள்கிறோம். ஆனால் ‘சாவான’ பாவம் என்ற பழைய தமிழ்ச் சொற்சேர்க்கை வேறொன்றைச் சொல்கிறது. சாவுக்கு இட்டுச் செல்கிற பாவம் அல்ல, சாவாகவே ஆகிவிட்ட பாவம். அந்தச் சொல்லை உண்டாக்கிய பாதிரியாரோ அவருக்கு உதவிய தமிழரோ இதை யோசித்துச் செய்தார்களா என்பது வேறு விஷயம். சொல் சரியாக விழுந்திருக்கிறது.

அப்படிச் சரியாக விழாத சொல் ‘பாவம்’. அவர்கள் வரும்போது அது இங்கே ஏற்கனவே ஒரு வீட்டில் குடியிருந்தது. பாவம் என்றால் பக்கத்திலேயே புண்ணியம். இரண்டுக்கும் ஒரு பேரேடு. எழுதி வைக்க ஒரு சித்திரகுப்தன். (காஞ்சிபுரத்தில் அவருக்குக் கோயிலே இருக்கிறது.) செய்ததற்குச் செய்தது ஈடாகும், இந்தப் பிறவியில் தீராவிட்டால் அடுத்ததில் தீரும். இதில் நியாயம் இருக்கிறது. சில விஷயங்களில் கிறிஸ்துவத்தில் இருப்பதைவிட அதிகம் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன். ஆனால் கணக்கு என்றால் தீர்க்கக்கூடியது. கடன்காரன் உயிரோடிருக்கிறான், சம்பாதிக்கிறான், கட்டுகிறான். பிணம் எந்தக் கடனைக் கட்டும்? கணக்கில் எழுதுகிற பாவமும் சாவாகிற பாவமும் ஒரே பொருளின் இரண்டு பெயர்கள் அல்ல. சபையின் பிள்ளைகளாகிய நாங்களும் கணக்குப் பாவத்தைத்தான் கற்றோம். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று, பொய் சொன்னது நாலு தடவை, அம்மாவை எதிர்த்துப் பேசியது இரண்டு தடவை என்று விரல் விட்டு எண்ணினோம். அபராதமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் கிடைத்தது. சொல்லிவிட்டு விளையாடப் போனோம்.

பாவம் என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் வருகிற கிரேக்கச் சொல் ஹமர்த்தியா. குறி தவறுதல் என்று அதற்கு வேர்ப்பொருள் சொல்வார்கள். பிரசங்கிகளுக்கு இந்த அம்பும் குறியும் மிகவும் பிடிக்கும். எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். எனக்குப் பிடிக்காது. குறி தவறியவன் அடுத்த அம்பை எடுக்கலாம். கை பழகப் பழகச் சரியாகும். வில்லாளி செத்துப்போயிருக்கிறான் என்பதல்லவா செய்தி?

இந்த மண்ணில் அதற்கு ஒத்த சிந்தனை இல்லாமலில்லை. வினையில் தேடினால் கிடைக்காது. ஆணவ மலத்தில் தேட வேண்டும். சைவ சித்தாந்தம் செம்பில் களிம்புபோல் உயிரோடு ஒட்டியது என்று சொல்கிற அந்த மலத்தைப் பற்றி, 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் ஒரு பயங்கரமான விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். இருட்டு பொருள்களை மறைக்கும். ஆனாலும் இருட்டாக இருக்கிறது என்பதாவது தெரியும். ஆணவமோ தான் இருப்பதையே காட்டிக்கொள்ளாது. கிறிஸ்தவ ஆன்ம மரணத்தை விளக்க நான் படித்த எந்த ஐரோப்பிய இறையியலாளனும் இவ்வளவு சுருக்கமாக இதைத் தொடவில்லை. செத்தவனுக்குத் தான் செத்தது தெரியாது. லாசர் கல்லறையில் கிடந்த நாலாம் நாள், நாற்றமெடுக்குமே என்று கவலைப்பட்டவள் அவனுடைய சகோதரி மார்த்தா. லாசருக்கு நாற்றம் தெரிய வழியில்லை.

ஆனால் ஒத்துமை இங்கேயே நின்றுவிடுகிறது. ஆணவம் அநாதி. அதற்கு ஆரம்பமில்லை, ஆகவே அதற்காக யாரையும் குற்றம் சாட்ட முடியாது. கிறிஸ்துவப் பாவத்துக்கு ஒரு நாள் இருக்கிறது. யாரோ, ஒரு தோட்டத்தில், ஒரு சாயங்காலத்துக்கு முன், செய்தது. அது சரித்திரமா புராணமா என்ற கேள்வி எனக்கு முக்கியமில்லை. செய்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தக் கதையின் ஆதாரம்.

அந்த ஒருவன் செய்தது எல்லோருக்கும் எப்படி வந்தது என்ற இடத்தில் அகஸ்தீன் வருகிறார் (354–430). பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதற்காக ‘அறிக்கைகள்’ இரண்டாம் புத்தகத்தில் பக்கம் பக்கமாக வருந்துகிற மனிதர். பேரிக்காய்க்கு இவ்வளவா என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேலி செய்கிறவர்கள் பேரிக்காயைப் பார்க்கிறார்கள். அவர் பார்ப்பது அது தேவைப்படவில்லை என்பதை. வீட்டில் இதைவிட நல்ல காய் இருந்தது, பறித்ததைப் பன்றிகளுக்குப் போட்டார்கள், தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டார். எதற்காக? ஒன்றுமில்லாததற்காக. இந்த ‘ஒன்றுமில்லை’யில் அவர் கண்டது பெரிது. ஆனால் ஜென்மப் பாவம் என்ற கோட்பாட்டை அவர் கட்டியபோது, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை லத்தீனில் படித்தார். அவனுக்குள் எல்லோரும் பாவம் செய்தார்கள் என்று அந்த லத்தீன் அவருக்குப் பொருள்பட்டது. கிரேக்க மூலத்தில் ‘அவனுக்குள்’ இல்லை. எல்லோரும் பாவம் செய்தபடியால் என்ற பொருளே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. மேற்கே பல நூற்றாண்டுக் குழந்தைகள் ஒரு உருபு மயக்கத்தால் குற்றவாளிகளாகப் பிறந்தார்கள் என்று சொன்னால் மிகைதான், முழுப் பொய்யல்ல.

கீழைச் சபைகள் கிரேக்கத்தில் படித்தன. அவர்கள் ஆதாமிடமிருந்து நமக்கு வந்த சொத்தாகக் குற்றத்தைச் சொல்லவில்லை, சாவைச் சொன்னார்கள். சாவு வந்ததால் சாவுபயம் வந்தது. அந்தப் பயத்தால் மனிதன் பாவம் செய்கிறான். தன்னைக் காத்துக்கொள்ள, தன் சோற்றை, தன் பெயரை, தன் நாற்காலியைக் காத்துக்கொள்ள. காரணமும் காரியமும் இடம் மாறிவிடுகின்றன. எனக்கு இது அகஸ்தீனின் விளக்கத்தைவிட உண்மையாகப் படுவதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று காரணம். அதைச் சொல்வதற்கு முன் தாந்தேயிடம் போக வேண்டியிருக்கிறது. அவர் இல்லாவிட்டால் அந்த அனுபவத்துக்கு எனக்குப் பெயரே கிடைத்திருக்காது.

நரகத்தின் அடிப்பகுதியில், பனிக்கட்டியில், விருந்துக்கு அழைத்துக் கொன்றவர்கள் கிடக்கும் இடம். அங்கே அல்பெரிகோ என்ற துறவியைத் தாந்தே சந்திக்கிறார். நீ இறந்துவிட்டாயா என்று ஆச்சரியத்தோடு கேட்கிறார். தன் உடம்பு மேலே எப்படி இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்கிறான் அவன். இந்த இடத்துக்கு ஒரு சலுகை: துரோகம் செய்த கணத்திலேயே ஆன்மா இங்கே விழுந்துவிடும், உடம்பை ஒரு பிசாசு எடுத்துக்கொண்டு அதன் காலம் முடியும்வரை நடத்தும். அருகில் கிடப்பவன் ஜெனோவாவைச் சேர்ந்த பிராங்கா தோரியா, மாமனாரை விருந்துக்கழைத்துக் கொன்றவன், என்று காட்டுகிறான். தாந்தே நம்ப மறுக்கிறார். அந்த ஆள் சாகவே இல்லையே, சாப்பிடுகிறான், குடிக்கிறான், உறங்குகிறான், உடுத்துகிறான் என்கிறார். ஐரோப்பியக் கவிதையில் இதைவிடக் கொடூரமான இடம் எனக்குத் தெரியாது; அதுவும் இவ்வளவு சாதாரணமான வினைச்சொற்களால். காவியப் பயணம் 1300இல் நடக்கிறது. பிராங்கா தோரியா நிஜமான ஆள். 1321இல் தாந்தே செத்த பிறகும் அவர் இருந்ததாகச் சொல்கிறார்கள். தன் ஆன்மா ஏற்கனவே பனிக்கட்டியில் கிடப்பதாக எழுதப்பட்டதைக் கேள்விப்பட்ட பிறகும் அவர் சாப்பிட்டு, உறங்கி, உடுத்தியிருக்க வேண்டும். (சபையின் போதனைப்படி தாந்தே சொல்வது தவறு. கடைசி மூச்சுவரை மனந்திரும்ப இடமுண்டு. தாந்தேக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் எழுதினார்.)

1978இல் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடியாததால் ஒரு கோப்பை விதிக்கு மாறாக வீட்டுக்கு எடுத்துப்போனேன். அதைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அது தேடப்பட்டது. ஆவண அறையிலிருந்து கோப்புகளைக் கொண்டுவந்து கொடுப்பவர், கூஜாவில் தண்ணீர் பிடித்து வைப்பவர், டீ வாங்கி வருபவர் எல்லாம் ஒருவரே. தற்காலிக ஊழியர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை ‘நீ’ என்றுதான் பேசினேன், எல்லோரும் அப்படித்தான். அவர் கோப்பை எடுத்து வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். என்னிடம் தந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. என்னிடம் கேட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை என்பதை அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ‘ஞாபகமில்லை’ என்றேன். தற்காலிகம் என்பதால் விசாரணைகூடத் தேவைப்படவில்லை, மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தாரா என்று கேட்டால், பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு சாப்பிட்டேன். உறங்கினேன். காலையில் சலவைச் சட்டை உடுத்திப் போனேன். எனக்குப் பெரிய கொடூர எண்ணம் ஏதும் இருக்கவில்லை, அவர்மேல் விரோதமில்லை. வேலை நிரந்தரமாக வேண்டும், வீட்டில் அம்மா, கல்யாணத்துக்கு நின்ற தங்கை. பயம், அவ்வளவுதான். கீழைச் சபைக்காரர்கள் சொல்கிற அந்தச் சின்னச் சாவுபயம். இதுவரையுள்ளது எந்த நாவலிலும் வரக்கூடியது. ஆனால் ஒரு வாரம் கழித்து, சித்திரை வெயிலில், கூஜா காலியாக இருந்தது. அப்போது எனக்குத் தோன்றியதை இன்றுவரை மறக்க முடியவில்லை. ‘சே, அந்த ஆள் இருந்திருந்தால் தண்ணீராவது வந்திருக்கும்’ என்று தோன்றிற்று. அவர் போனது பற்றி எனக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி அது. அதற்குப் பின்னும் வெகுகாலத்துக்கு வேறொன்றும் ஏற்படவில்லை.

குற்றவுணர்ச்சியில் வெந்து கொண்டிருந்தேன் என்று எழுத முடிந்தால் இந்தக் கட்டுரை சுலபமாக இருக்கும். வெந்திருந்தால் உயிர் இருந்தது என்றல்லவா பொருள்? ரஸ்கோல்னிகோவுக்குக் காய்ச்சல் வந்தது, அவன் உயிரோடிருந்தான், அதனால்தான் சோனியா அவனுக்கு லாசரின் கதையை வாசித்துக்காட்ட முடிந்தது. எனக்குக் காய்ச்சல் வரவில்லை. நம் காலத்தில் பாவம் என்றாலே குற்றவுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு, அதை ஒரு நோயாகப் பாவித்து வைத்தியம் தேடுகிறோம். கியெர்க்கெகார்ட் 1849இல் ‘சாவுக்கேதுவான வியாதி’யில் இதற்கு நேரெதிரான ஒன்றைச் சொன்னார். தான் நிராசையில் இருப்பது தெரியாத நிராசையே பரவலானது என்றார். அந்த வகைக்காரன் சந்தோஷமாகவே இருக்கிறான், ஊரில் மதிப்போடு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். செத்தவனுக்குத் தெரியாது என்றால் அவனை எப்படிக் குற்றவாளி என்பது? உபதேசியார் சொல்லித்தந்த பாடமே அந்த ஆட்சேபத்துக்கு இடம் தருகிறது. சாவான பாவத்துக்கு மூன்று நிபந்தனைகள்: விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவு வேண்டும், முழுச் சம்மதம் வேண்டும். அப்படியானால் மரத்துப்போனவனுக்கு ஒரு சௌகரியம் கிடைத்துவிடுகிறது. எவ்வளவு மரத்துப்போகிறானோ அவ்வளவு நிரபராதி. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. பாசாங்கான அறியாமையும் இதயக் கடினமும் பொறுப்பைக் குறைப்பதில்லை, கூட்டுகின்றன என்கிறது. சரிதான். ஆனால் பாசாங்கு எங்கே முடிகிறது, நிஜமான அறியாமை எங்கே தொடங்குகிறது? ‘ஞாபகமில்லை’ என்று நான் சொன்னது முதல் நாள் பாசாங்கு. மூன்றாவது வருஷம் உண்மையிலேயே ஞாபகம் வருவதில்லை.

எனக்கு இதற்கு விடை மாதிரி ஒன்று கிடைத்தது லூக்காவின் பதினாறாம் அதிகாரத்தில். ஐசுவரியவானும் லாசருவும் கதை. இந்த லாசரு வேறு, உயிர்த்தெழுந்தவனல்ல. பணக்காரன் வாசலில் புண்களோடு ஒரு பிச்சைக்காரன் கிடக்கிறான். பணக்காரன் அவனை அடித்ததாகக் கதையில் இல்லை, விரட்டியதாகவும் இல்லை. தினமும் விருந்துண்டான், அவ்வளவே. இருவரும் சாகிறார்கள். பணக்காரன் வேதனையில் கிடக்கிறான், தூரத்தில் ஆபிரகாமின் மடியில் லாசருவைக் காண்கிறான். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட கதை. நாற்பது வயது தாண்டி ஒரு நாள் படிக்கும்போதுதான் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, அவன் லாசருவிடம் பேசவேயில்லை, ஆபிரகாமிடம் பேசுகிறான். லாசருவை அனுப்பி, விரல் நுனியில் தண்ணீர் தொட்டுத் தன் நாக்கைக் குளிரப்பண்ணச் சொல்கிறான். அது நடக்காது என்றதும், சரி, என் தகப்பன் வீட்டுக்காவது அவனை அனுப்பு என்கிறான். நரகத்தில் கிடந்தும் லாசரு அவனுக்கு ஒரு எடுபிடிதான். தண்ணீர் கொண்டுவர ஒரு ஆள்.

மற்றொன்று, அவன் பெயர் சொல்லிக் கேட்கிறான். வாசலில் கிடந்தவனைத் தெரியவே தெரியாது என்று அவன் சாதிக்க முடியாது. பெயர் தெரிந்திருக்கிறது. யாராவது சொல்லிக் கேட்டிருப்பான், அல்லது அவனே ஒரு தடவை விசாரித்திருப்பான். தெரிந்ததும் தெரியாததும் ஒன்றாகவே அவனுள் இருந்திருக்கின்றன. இதை வைத்துத்தான் செத்தவனின் பொறுப்பை நான் புரிந்துகொள்கிறேன். ஆன்ம மரணம் என்பது அறிவு இல்லாமல் போவதல்ல. அறிவு இருந்தும் அது ஒன்றும் செய்யாமல் கிடப்பது. பிணத்துக்கும் கண் இருக்கிறது.

இப்படிக் கிடப்பது தனிமனிதனுக்கு மட்டும் நேர்வதல்ல. அகஸ்தீனே, கூட்டாளிகள் இல்லாமல் தான் அந்தத் திருட்டைச் செய்திருக்க மாட்டேன் என்கிறார். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டின கோயில், கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு நீண்ட பகுதிகளாகப் பிரிந்து பீடத்தில் வந்து சேரும். ஒரு காலில் வெள்ளாளர், ஒரு காலில் நாடார். 1910இல் பிரிவினை அகற்றப்பட்டபோது அதை உரிமைப் பறிப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள், தோற்றார்கள். அந்தக் கோயிலில் சனிக்கிழமைகளில் பாவசங்கீர்த்தனம் நடந்திருக்கும். ஒருசந்தி முறித்தது, சுத்தபோசன நாளில் கவிச்சி தின்றது எல்லாவற்றையும் மனசு நொந்து சொல்லியிருப்பார்கள். சுவரைச் சொல்லியிருப்பார்களா? சுவர் பாவமாகத் தெரிந்திருந்தால் அல்லவா சொல்ல. பக்கத்துக் காலில் மண்டியிட்டிருந்தவரின் பெயர் அவர்களுக்குத் தெரியும். அதே ஊர், அதே தெருமுனை. கட்டின பாதிரிமார்களையும் இதில் சேர்த்துத்தான் சொல்கிறேன். அமைப்பே பாவமாக இருக்க முடியும் என்று சபை பேசத் தொடங்கியது வெகு பின்னால். லத்தீன் அமெரிக்க ஆயர்கள் மெதெயினில் கூடிய 1968ஐ ஒட்டித்தான் அந்தப் பேச்சு வலுத்தது. இன்றும் நம் ஊர்களில் சில கல்லறைத் தோட்டங்களில் சுவர் உண்டு. செத்த பிறகும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு வரும்போது காம்யூவின் ‘வீழ்ச்சி’ (1956) என் முதுகுக்குப் பின்னால் நின்று சிரிக்கிறது. அதன் நாயகன் கிளமான்ஸ் பாரிஸில் ஒரு இரவு பாலத்தைக் கடக்கிறான், ஒரு பெண் ஆற்றில் விழுகிற சத்தம் கேட்கிறது, திரும்பாமல் நடந்துவிடுகிறான். பிற்பாடு ஆம்ஸ்டர்டாம் சாராயக் கடையில் உட்கார்ந்து வந்து போகிறவர்களிடம் இதைச் சொல்வதே அவனுக்குத் தொழிலாகிவிடுகிறது. தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்வதன் மூலம் கேட்பவனுக்கும் தீர்ப்பெழுதுகிற சாமர்த்தியம். எவ்வளவு அழகாகப் பேசுகிறான்! பாவத்தைப் பற்றி அவ்வளவு தெரிந்தும் அவனிடம் உயிர் வரவில்லை. முந்நூறு பேர் படிக்கிற ஒரு பத்திரிகையில் நான் 1978ஐப் பற்றி எழுதுவது அந்தச் சாராயக் கடைப் பேச்சிலிருந்து எவ்வகையில் வேறானது? கூஜாவையும் தண்ணீரையும் லூக்காவோடு முடிச்சுப் போட்டபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை. அவருடைய வயிற்றில் அடித்தது எனக்கு ஒரு நல்ல பத்தியாகியிருக்கிறது.

பாவம் கணக்காக இருந்தால் ஏதாவது செய்யலாம். தேடிப்போய்ப் பணம் கொடுக்கலாம், பேரேட்டில் ஒரு வரி அடிக்கலாம். பாவம் சாவு என்றால், செத்தவன் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து ஒரு குரல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இதைத்தான் கிருபை என்கிறார்கள். இந்தத் தர்க்கத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. கூப்பிடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதில்தான் நம்பிக்கை இல்லை. இருபது வயதிலிருந்தே இல்லை. நோயை இவ்வளவு சரியாகச் சொன்ன மதம் மருந்தை மட்டும் தவறாகச் சொல்லியிருக்குமா என்று சில சமயம் யோசிப்பேன். சொல்லியிருக்கலாம். நல்ல ரோக நிர்ணயம் செய்கிற வைத்தியர்கள் எல்லோரும் குணப்படுத்துவதில்லை.

பாவசங்கீர்த்தனம் என்ற சொல் இப்போது வழக்கொழிந்து வருகிறது. ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஊரோடு ஒத்து உதவி வாழ அறிந்தவனே உயிர் வாழ்கிறான், மற்றவனைச் செத்தவர் கணக்கில் வைக்க வேண்டும் என்று வள்ளுவர் சொல்வது அந்த அதிகாரத்தில்தான். பெயர் மாற்றியவர்களுக்கு இது நினைவில் இருந்ததா தெரியாது. உபதேசியாரின் மூன்று தட்டுகளைவிட அது எனக்கு அதிகம் உறைத்தது.

அம்மா இறந்த வருஷ நினைவுப் பூசைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, முப்பது வருஷங்களுக்குப் பிறகு, அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். நம்பிக்கை வந்துவிட்டது என்பதல்ல; அம்மாவுக்காக என்று வைத்துக்கொள்ளலாம். கோப்பு, பஸ், ஞாபகமில்லை என்றது எல்லாவற்றையும் சொன்னேன். கூஜாவையும் சொன்னேன். சாமியார் இளைஞர், குரலில் தெரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், “அந்தப் பெரியவர் இப்ப எங்க இருக்கார்?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “உசிரோட இருக்காரா?” தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமலிருந்தார். வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இத்தனை வருஷங்களில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.